பைபாஸில் பெரிய கடை வந்தால் பின்தெரு மளிகைக் கடை தாங்குமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஊருக்கு வெளியே பைபாஸில் ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் கட்டி முடியப்போகிறது. தரைத்தளம் முழுக்க ஒரு பெரிய செயின் கடையின் சூப்பர் மார்க்கெட். கேட்டவரின் மாமா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ரொம்ப வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடை எத்தனை நாளைக்குத் தாங்கும், வங்கியில் கடன் வாங்கி அதையே ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட்டாக மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் மளிகைச் சாமான் ஏஜென்சி எடுத்து நடத்துகிறவன். கம்பெனிக்கும் கடைக்கும் நடுவில் நிற்கிற ஆள். அதனால் கடையைப் பின்பக்கமாகப் பார்க்கிற பழக்கம்: யார் பில்லுக்குப் பணம் சொன்ன தேதிக்கு வருகிறது, யாருடையது தள்ளிப்போகிறது என்பதில்தான் முதலில் கண் போகும். அந்த இடத்திலிருந்துதான் சொல்கிறேன்.

கடை உடனே மூடாது. பெரிய கடை திறந்த முதல் மாதம் எல்லோரும் வேடிக்கை பார்க்கப் போவார்கள், அப்புறம் பாதிப் பேர் திரும்பி வருவார்கள். மாமாவே "ஒண்ணும் பெரிசா தெரியலையே" என்பார். கெடுதல் கண்ணுக்குத் தெரிய ஒரு வருடமாவது ஆகும். ஏனென்றால் பெரிய கடை எடுத்துக்கொண்டு போவது வாடிக்கையாளரை அல்ல, அவருடைய ரொக்கத்தை. கடனையும் அவசரத்தையும் சில்லறையையும் மாமாவுக்கே விட்டுவைக்கும்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். மளிகைக் கடையில் இரண்டு விதமான வியாபாரம் நடக்கிறது. ஒன்று, மாதத் தொடக்கச் சிட்டை. வாத்தியார் வீடு, மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர் வீடு, பென்ஷன் வாங்குகிறவர் வீடு. முதல் பத்து நாளுக்குள் 25 கிலோ அரிசி மூட்டை, துவரம் பருப்பு, உளுந்து, எண்ணெய், சோப்பு, டீத்தூள், மிளகாய் மல்லி என்று ஒரே சிட்டை, ஒரே பில், கையோடு பணம். இன்னொன்று அன்றாடம். பையன் ஓடிவந்து வாங்கும் கால் கிலோ ரவை, பத்து ரூபாய்க்குப் பெருங்காயம், விருந்தாள் வந்ததும் வாங்கும் பால் பாக்கெட், சனிக்கிழமை கூலி வந்ததும் தருகிறேன் என்று நோட்டில் எழுதச் சொல்லும் எண்ணெய். கடைவாசலில் கூட்டமாகத் தெரிவது இந்த இரண்டாவதுதான். கடையை ஓட்டுவது முதலாவது.

ஏஜென்சிக்காரன் ஒரு வாரமோ கொஞ்சம் கூடவோ கடன் தருவான். மாதத் தொடக்கத்தில் வரும் ரொக்கத்தை வைத்துத்தான் கடைக்காரர் சோப்புக் கம்பெனி பில்லையும் எண்ணெய்க் கம்பெனி பில்லையும் அடைக்கிறார். அந்த ரொக்கம்தான் சனிக்கிழமைக் கூலிக்காரர்களுக்கு அவர் கொடுக்கிற கடனுக்கும் ஆதாரம். வாத்தியார் வீட்டுப் பணத்தில்தான் கொத்தனார் வீட்டுக்குக் கடன் போகிறது என்றுகூடச் சொல்லலாம். பெரிய கடை முதலில் தட்டிக்கொண்டு போவது அந்த வாத்தியார் வீட்டுச் சிட்டையை. கையில் வண்டி இருக்கிறது, மொத்தமாக வாங்கப் பணம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் வரலாம். கொத்தனார் வீட்டைப் பெரிய கடை கூப்பிடவே கூப்பிடாது. அங்கே நோட்டு கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது ஒரு உதாரணக் கணக்கு, உங்கள் மாமாவின் எண்ணை வைத்து நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு 15,000 ரூபாய் வியாபாரம், மாதம் நாலரை லட்சம். எல்லாச் சரக்கையும் சேர்த்து சராசரி 10 சதவீதம் லாபமாக நிற்கிறது என்றால் 45,000. வாடகை 12,000, கரண்ட் 4,000, கடைப் பையனுக்கு 12,000. ஆக 28,000 செலவு. மாமாவுக்கு மிஞ்சுவது 17,000. இப்போது வியாபாரம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மாதம் 3,60,000. நிற்பது 36,000. வாடகையும் கரண்டும் சம்பளமும் ஒரு பைசா குறையாது. மிஞ்சுவது 8,000. வியாபாரம் ஐந்தில் ஒன்றுதான் போனது, வருமானம் பாதிக்கு மேல் போய்விட்டது. இதில் போன ஐந்தில் ஒன்று முழுக்க ரொக்கம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கம்பெனி பில் ஒரு வாரம் தள்ளும். சேல்ஸ்மேன் பழைய பாக்கியைக் கட்டினால்தான் புதுச் சரக்கு என்பான். பத்து அயிட்டத்தில் மூன்று இருக்காது, அலமாரி பல்லிளிக்கத் தொடங்கும். ஒரு பொருளைக் கேட்டு இரண்டு முறை இல்லை என்றால் மூன்றாம் முறை வாடிக்கையாளர் வரமாட்டார். அதைச் சமாளிக்கத் தண்டல்காரரிடம் போவார்கள். 10,000 என்று எழுதி 9,000 கையில் தருவார். தினம் 100 ரூபாய், நூறு நாள். சாயங்காலமானால் கல்லாவில் இருக்கிறதோ இல்லையோ, அவர் சைக்கிளில் வந்து நிற்பார். கடை சாவது இந்தக் கட்டத்தில்தான். பைபாஸில் பெரிய கடை திறந்து அப்போது ஒன்றரை இரண்டு வருடம் ஆகியிருக்கும். ஊரில் கேட்டால் "அவருக்குக் கடன் ஜாஸ்தி ஆயிருச்சு, அதான்" என்பார்கள். பெரிய கடையின் பெயர் அந்தப் பேச்சில் வரவே வராது.

இதனால்தான் மூடிய கடைகளை மட்டும் எண்ணும் ஆய்வுகளை நான் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்ப்பேன். மத்திய அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் இக்ரியர் என்ற ஆய்வு நிறுவனம் 2008ல் ஓர் அறிக்கை கொடுத்தது. பத்து நகரங்களில் இரண்டாயிரத்துச் சொச்சம் சிறுகடைகளைப் பார்த்து எழுதியது. பெரிய கடைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறுகடைகளுக்கு ஆரம்ப வருடங்களில் வியாபாரமும் லாபமும் குறைகிறது, போகப் போக அந்தப் பாதிப்பு மங்குகிறது என்றது. வருடத்துக்கு 4.2 சதவீதம் சிறுகடைகள் மூடுகின்றன, அதில் பெரிய கடைகளின் போட்டியால் மூடுபவை 1.7 சதவீதம்தான் என்றும் கணக்குச் சொன்னது. அறிக்கையைக் குறை சொல்லவில்லை, அன்றைக்கு அது நேர்மையான வேலை. ஆனால் ஷட்டர் திறந்திருக்கிற கடையெல்லாம் உயிரோடு இருக்கிற கடை என்று எடுத்துக்கொண்டால் என் பில் புத்தகம் ஒத்துக்கொள்ளாது. அப்புறம், 2008 என்பது சுபிக்ஷா என்ற மளிகைச் செயின் இருந்த காலம்.

சுபிக்ஷாவை இளவயதுக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. 1997ல் சென்னை திருவான்மியூரில் ஒரு கடையாகத் தொடங்கியது. ஏசி கிடையாது, பளபளப்பு கிடையாது, விலை மட்டும் குறைவு. பத்து வருடத்தில் நாடு முழுக்க 1,600 கடைகள். 2009 தொடக்கத்தில் கையில் பணம் தீர்ந்து, சம்பளமும் வாடகையும் சப்ளையர் பாக்கியும் கொடுக்க முடியாமல் சில மாதங்களில் எல்லாம் மூடியது. அண்ணாச்சி கடைகளை அழிக்க வந்தது என்று பயந்தோம், அதுவே போய்விட்டது. பத்துப் பதிமூன்று வருடம் கழித்து பிக் பஜார் கதையும் அப்படித்தான் முடிந்தது. பெரிய கடை என்றால் சாகாது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் அது இருந்த காலத்தில் மூடிப்போன பின்தெருக் கடை திரும்பத் திறப்பதில்லை. அந்த ஷட்டருக்குள் இப்போது செல்போன் கவர் விற்பார்கள்.

சரி, பெரிய கடைக்கு மட்டும் குறைந்த விலை எப்படிக் கட்டுப்படியாகிறது? இதில் மாயம் ஒன்றும் இல்லை. கம்பெனியிலிருந்து ஏஜென்சி, ஏஜென்சியிலிருந்து கடை என்ற வழியில் எங்களைப் போன்றவர்களின் பங்கு ஒன்று இருக்கிறது. பெரிய கடை நேரே கம்பெனியில் எடுக்கிறது, அந்தப் பங்கு மிச்சம். கண்ணுக்கு நேரே இருக்கிற தட்டில் பிஸ்கட்டை அடுக்கக் கம்பெனி தனியாகப் பணம் தரும். டிமார்ட் மாதிரி இடங்களில் கடை நிற்கும் நிலத்தையே பெரும்பாலும் சொந்தமாக வாங்கிவிடுகிறார்கள், சப்ளையருக்குச் சீக்கிரம் பணம் கொடுத்துக் கூடுதல் தள்ளுபடி கேட்கிறார்கள். தவிர, பெரிய கடைக்கென்றே கம்பெனிகள் தனி அளவில் பாக்கெட் போடுகின்றன. ஒன்று வாங்கினால் ஒன்று, நாலு சோப்போடு ஒன்று சேர்த்து என்று. மாமா கடையில் அந்தப் பாக்கெட்டே வராது, அதனால் விலையை ஒப்பிடவும் முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆஃபர் போடும் நாளில் பெரிய கடையில் எண்ணெயும் சோப்புத்தூளும் நான் கடைக்காரருக்குக் கொடுக்கும் விலையைவிடக் குறைவாக இருக்கும். அன்றைக்கு என் வாடிக்கைக் கடைக்காரர்களே அங்கே போய் தள்ளுவண்டி நிறைய அள்ளிக்கொண்டு வந்து தங்கள் கடையில் விற்பார்கள். அவர்களை நான் எப்படிக் குறை சொல்வது? 2021 டிசம்பரில் அகில இந்திய விநியோகஸ்தர் கூட்டமைப்பு இந்த விலை வித்தியாசத்துக்கு எதிராகத்தான் பெரிய கம்பெனிகளோடு மல்லுக்கு நின்றது. நாங்கள் கடைக்காரருக்கு 8 முதல் 12 சதவீதம் வரை லாபம் தருகிறோம், ஆன்லைன் மொத்த வியாபாரிகள் 15 முதல் 20 வரை தருகிறார்கள், இது எப்படி நியாயம் என்பது அவர்கள் கேள்வி. சின்னக் கடையோடு சேர்ந்து ஏஜென்சிகளும் அடிவாங்குகின்றன என்பதை யாரும் பேசுவதில்லை. என் சொந்த வயிற்றெரிச்சல் இதில் இருக்கிறது, கழித்துவிட்டுப் படியுங்கள்.

மால் வேறு, சூப்பர் மார்க்கெட் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் பாதிக் குழப்பம். மாலில் இருப்பது சினிமா, சாப்பாடு, பிராண்ட் துணிக்கடை. கோயம்புத்தூரில் புரூக்ஃபீல்ட்ஸ் 2009ல் வந்தது, அப்புறம் ஃபன் மால், புரோசோன். அதற்காக ஒப்பணக்கார வீதியும் கிராஸ்கட் ரோடும் காலியாகிவிடவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் போய்ப் பாருங்கள், நடக்க இடம் இருக்காது. மாலுக்குப் போகிறவர் அங்கே சினிமா பார்த்துவிட்டு, கல்யாணப் பட்டை வீதியில்தான் எடுக்கிறார். மால் பக்கத்துத் தெருவுக்குச் செய்யும் கெடுதல் வாடகை வழியாக வருகிறது. மால் வந்ததும் கட்டிடக்காரர் அட்வான்ஸை ஏற்றுவார், ஒப்பந்தம் முடிந்ததும் காபிக் கடைச் செயினுக்கு விடுவார். தையல்காரரும் ரேடியோ மெக்கானிக்கும் போட்டியில் தோற்றுப் போவதில்லை, வாடகையில் போகிறார்கள்.

மாலே மாலைக் கொல்லும் என்பதற்குச் சென்னை அண்ணா சாலையில் ஸ்பென்சர் பிளாசா சாட்சி. 1983ல் தீயில் போன பழைய ஸ்பென்சர் கட்டிடம் இருந்த இடத்தில் தொண்ணூறுகளில் எழுந்தது. ஒரு காலத்தில் வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்தால் மெரினா, ஸ்பென்சர் என்று வரிசை சொல்வார்கள். உள்ளே பெரும்பாலும் சின்னச் சின்னக் கடைகள்தான். காஷ்மீர்ச் சால்வை, கேசட், கைக்கடிகாரம், கைவினைப் பொருள். 2010ல் பக்கத்திலேயே எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013ல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ். அப்புறம் ஸ்பென்சரில் கூட்டம் கரைந்தது. கடைகள் பலவும் தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டிருந்ததால் மொத்தமாகச் சேர்ந்து புதுப்பிக்கவும் ஆளில்லை.

ஆக உங்கள் ஊர் காம்ப்ளெக்ஸில் மாமா கவலைப்பட வேண்டியது தரைத்தளத்தைப் பற்றித்தான். மாடியில் தியேட்டர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

அரசியலையும் தொடாமல் இருக்க முடியாது. 2012 செப்டம்பரில் மத்திய அரசு பலபொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் அந்நிய நேரடி முதலீட்டை அனுமதித்தது. பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரம், குறைந்தது பத்துக் கோடி டாலர் முதலீடு, 30 சதவீதச் சரக்கு சிறுதொழில்களிடமிருந்து, மாநில அரசின் சம்மதம் என்று நிபந்தனைகள். தமிழ்நாடு சம்மதிக்கவில்லை. அந்த மாதம் 20ஆம் தேதி நாடு முழுக்கக் கடையடைப்பு. மே 5 வணிகர் தின மாநாடுகளிலும் வால்மார்ட் எதிர்ப்புதான் பெரிய பேச்சு. எதிர்ப்பு தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் வெளிநாட்டுக்காரன் வருகிறான் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், உள்நாட்டுப் பெருமுதலாளி கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு எந்த நிபந்தனையும் கிடையாது. 2018ல் வால்மார்ட் ஃபிளிப்கார்ட்டையே வாங்கி, சில்லறைக் கடையே வைக்காமல் வந்து சேர்ந்தது.

கோவை, ஈரோடு பக்கத்து ஆட்களுக்கு ஸ்ரீ கண்ணன் டிபார்ட்மென்டல் ஸ்டோர் தெரியும். நம்ம ஊர்க் கடை. கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்கு மாதச் சிட்டை என்றால் கண்ணன் என்று ஆகியிருந்தது. அது வளர்ந்த காலத்தில் சின்ன மளிகைக்காரர்கள் அதைத்தான் திட்டினார்கள். 2020 மார்ச்சில் அந்த 29 கடைகளையும் ரிலையன்ஸ் ரீடெய்ல் 152 கோடிச் சொச்சத்துக்கு வாங்கியது. சின்ன மீனைத் தின்ற மீனுக்கும் அடுத்த மீன் காத்திருந்தது. மாமா தன் கடையை சூப்பர் மார்க்கெட்டாக மாற்றுவதைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்குத்தான் இதைச் சொல்கிறேன். 29 கடையும் நல்ல பெயரும் வைத்திருந்தவர்களே விற்றுவிட்டு வெளியேறினார்கள்.

வெளிநாடுகளில் சட்டம் போட்டுத் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிரான்சில் 1973ல் பெரிய கடை திறக்கத் தனி அனுமதி வேண்டும் என்று சட்டம் வந்தது. ஜப்பானில் அதே காலத்தில் வந்த பெருங்கடைச் சட்டம் 2000 வரை இருந்தது. ஏற்கெனவே திறந்திருந்த பெரிய கடைகளுக்குப் போட்டி வராமல் அதுவே பாதுகாப்பாகவும் ஆனது. நம் ஊரில் அப்படிச் சட்டம் வரும் என்று காத்திருப்பது மாமாவுக்கு உதவாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது வெறும் ஒப்பாரி ஆகிவிடும். மளிகைக் கடையை நாம் ரொம்பப் புனிதமாக்கிவிட்டோம். எடை குறையும், காலாவதிப் பாக்கெட் வரும், பில் கேட்டால் முறைப்பார்கள். கடைக்காரர் உள்ளே, வாங்குகிறவர் வெளியே. கேட்டதைத்தான் எடுத்துத் தருவார். யாரை முதலில் கவனிப்பது, யாரை நிற்கவைப்பது என்பதில் சாதியும் வசதியும் பேசும். ஒரு பெண் நாப்கின் வாங்க வந்தால் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, மெதுவாகக் கேட்பாள், கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத் தருவார். சூப்பர் மார்க்கெட்டில் அவளே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்கிறாள். விலைக்காக மட்டுமே ஜனங்கள் பெரிய கடைக்குப் போகிறார்கள் என்று நினைக்கும் கடைக்காரர்களுக்கு இது புரிவதே இல்லை.

வேலை பற்றியும் இரண்டு பக்கமும் அப்படித்தான். சின்னக் கடையில் பி.எஃப். கிடையாது, விடுமுறை கிடையாது. பெரிய கடையில் பிள்ளைகள் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தார்கள். உட்கார நாற்காலி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து அண்ணாச்சி கடையில் பொட்டலம் மடித்த பையன், தொழில் பழகி, முதலாளி கைகொடுத்து, பத்து வருடத்தில் வேறொரு தெருவில் சொந்தக் கடை போட்டான். வியாபாரத்திலிருந்து பொதுவுக்கென்று எடுத்து வைக்கும் மகமை வசூல், உறவின்முறை என்ற சமூகச் சங்கம், 1921ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாக இருக்கும் அந்த வங்கி, எல்லாம் அந்தப் பையன்களுக்குப் பின்னால் இருந்தன. பெரிய கடையில் பில் போடும் பெண்ணுக்குப் பத்து வருடம் கழித்தும் பில் போடும் வேலைதான். பெரிய கடையால் நாம் இழப்பதில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஆனால் அந்த ஏணி ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சியின் மகன் இன்ஜினியரிங் படித்துவிட்டான், காலை ஐந்தரைக்கு ஷட்டர் தூக்க அவன் வரமாட்டான். நான் பார்த்த கடைகளில் போட்டியால் மூடியவற்றுக்குச் சமமாக, ஆள் இல்லாமல் மூடியவையும் இருக்கின்றன.

மளிகைக் கடை இதற்கு முன்பும் அடி தாங்கியிருக்கிறது. ரேஷனில் 2007 முதல் துவரம் பருப்பும் பாமாயிலும் மானிய விலையில், 2011 முதல் அரிசி இலவசம். கிலோ 30 ரூபாய்க்குப் பருப்பு விற்கும் போட்டியாளரை விடவா டிமார்ட் பெரிது? கடைகள் அதோடு வாழப் பழகின. ரேஷனில் கிடைக்காததை, கிடைக்காத நேரத்தில், கிடைக்காத அளவில் விற்றார்கள். அந்த அளவு என்பது பெரிய விஷயம். கடலூரிலிருந்து கிளம்பிய ஷாம்பு பாக்கெட்தான் அதற்கு வழி காட்டியது. வெல்வெட், அப்புறம் 1983ல் சிக். பாட்டில் வாங்க முடியாத வீட்டுக்கு ஒரு தலைக்குளியல் அளவு. கடைவாசலில் சரம் சரமாகத் தொங்குகிறதே, அது பெரிய கடை எட்டிப் பார்க்காத வியாபாரம்.

2020 ஊரடங்கில் கோயம்பேடு சந்தையே மூடியபோது சென்னையில் தெருவுக்குத் தெரு சோறு போட்டது சின்னக் கடைகள்தான். அந்த நன்றி ஆன்லைனில் டெலிவரி சரியாகும்வரை இருந்தது.

இப்போது புதிதாக வந்திருப்பதுதான் எனக்கே கவலை. பத்து நிமிட டெலிவரி. பிளிங்கிட், இன்ஸ்டாமார்ட், ஜெப்டோ. பெரிய கடை மாதச் சிட்டையை எடுத்துக்கொண்டு அவசரத்தை விட்டுவைத்தது என்றேனே, இவர்கள் எடுப்பது அந்த அவசரத்தை. திடீரென்று தீர்ந்த பால், விருந்தாளுக்கு பிஸ்கட், மழை நாள் நூடுல்ஸ். ஒரே வருடத்தில் நாடு முழுக்க இரண்டு லட்சம் மளிகைக் கடைகள் மூடிவிட்டன என்று விநியோகஸ்தர் கூட்டமைப்பு 2024ல் சொன்னது. அது சங்கத்தின் மதிப்பீடு, எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, திசை சரிதான். உங்கள் ஊர் அளவுள்ள ஊர்களுக்கு இது வரக் கொஞ்ச காலம் பிடிக்கும். அதற்குள் மாமா செய்ய வேண்டியதைச் செய்துகொள்ளட்டும்.

என்ன செய்வது? ஏசிக்கும் தட்டுகளுக்கும் கடன் வாங்க வேண்டாம். பளபளப்பில் பெரிய கடையோடு போட்டி போட்டு ஜெயித்த சின்னக் கடையை நான் பார்த்ததில்லை. மாதத் தவணை கழுத்தைப் பிடித்து மூடிய கடைகளைப் பார்த்திருக்கிறேன். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு நல்ல ஃபிரிட்ஜுக்கும் மாவு அரைக்கும் இயந்திரத்துக்கும் மட்டும். இட்லி மாவு, பால், தயிர், முட்டை என்று தினமும் வர வைக்கும் பொருளில்தான் வீட்டுக்கும் கடைக்கும் உறவு அறுபடாமல் இருக்கும்.

ஜனங்களுக்கு விலை ஞாபகம் இருப்பது நாலைந்து பொருளுக்குத்தான். அரிசி, துவரம் பருப்பு, சர்க்கரை, சன்ஃப்ளவர் எண்ணெய், போனால் உளுந்து. பெரிய கடை லாபமே இல்லாமல் விற்பதும் இவற்றைத்தான். இதில் மாமாவும் ஒரு ரூபாய் இரண்டு ரூபாய்க்குள் நிற்கட்டும், லாபம் வராவிட்டாலும் பரவாயில்லை. கடுகு, சீரகம், மிளகு, ஏலக்காய், பூஜைச் சாமான், லூஸ் சரக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஐம்பது கிராம் மிளகு வாங்க யாரும் பைபாஸுக்குப் போவதில்லை. தெருவில் நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து அரிசியும் பருப்பும் ஒரே லோடாக மண்டியிலிருந்து இறக்கினால் விலை உடனே இறங்கும். யோசனை புதிதல்ல, சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை 1904லேயே தொடங்கியது கூட்டாகக் கொள்முதல் செய்யத்தான். நடைமுறையில் கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் நம்ப மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சிட்டை வீடுகளை மட்டும் விடவே கூடாது. எந்த வீடுகள் மாதத் தொடக்கத்தில் ரொக்கம் தருகின்றன என்று மாமாவுக்கு மனப்பாடமாகத் தெரியும். அவர்களின் சிட்டையை வாட்ஸ்அப்பில் வாங்கி, சாயங்காலத்துக்குள் வீட்டில் இறக்கி, அரிசி சரியில்லை என்றால் பேசாமல் மாற்றிக் கொடுக்கட்டும். வயதான வீடுகளுக்கு மூட்டையை உள்ளே வரை தூக்கி வைக்கிற ஆள் பெரிய கடையில் கிடையாது. சுதந்திரமாக எடுத்துப் பார்க்க ஒரு பக்கத் தட்டையாவது வாடிக்கையாளர் பக்கமாகத் திருப்பி வைக்கட்டும், முக்கியமாகப் பெண்கள் வாங்கும் பொருட்களை.

நோட்டுக் கடன் பற்றிக் கண்டிப்பாக இருக்க வேண்டும். கடனை நிறுத்தினால் கடைக்கு உயிர் இருக்காது, வரம்பில்லாமல் கொடுத்தால் ரொக்கம் குறைந்திருக்கும் காலத்தில் கடை மூழ்கும். வீட்டுக்கு ஒரு உச்சவரம்பு, ஒரு வாரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. பழைய பாக்கிகளைப் பெரிய கடை திறப்பதற்கு முன்பே வசூலித்துவிடட்டும். பாக்கி வைத்திருப்பவருக்கு வேறு கடை கிடைத்தால், மாமா கடைப் பக்கமே வராமல் சுற்றிப் போவார்.

அப்புறம் வாடகை. ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முடிய ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டிடக்காரரிடம் இப்போதே பேசி ஐந்து வருடத்துக்கு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. சொந்தக் கட்டிடம் என்றால் மேலே நான் போட்ட கணக்கில் 12,000 அப்படியே மிச்சம், மாமா நின்றுவிடுவார். வாடகைக் கடை, மகன் கடைக்கு வரப்போவதில்லை, மாமாவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது என்றால், நல்ல நிலையில் இருக்கும்போதே சரக்கையும் இடத்தையும் கைமாற்றிவிடுவதிலும் வெட்கம் ஒன்றும் இல்லை.

தொடர்வது என்று முடிவெடுத்தால், எந்தெந்த ஏஜென்சி வாரக் கடன் தரும், எவ்வளவுக்குத் தரும் என்று இந்த மாதமே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். பெரிய கடை திறந்த பிறகு கேட்டால் நாங்களே வேறு பதில்தான் சொல்வோம்.